நான்கு அடித் தண்ணீர் மூன்று அடியாகத்தான் தெரியும்

கடந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில், லண்டனிலிருந்து வந்திருந்த அண்ணா குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் ஐந்து பேர். மதியச் சாப்பாட்டோடு நீச்சல் தடாகமும் சேர்த்துக் கட்டணம் வாங்கினார்கள். கொண்டாவிலில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு அப்போது 6 வயது. அண்ணாவின் மகனுக்கு 7. உயரத்தில் இருவருக்கும் இரண்டு விரல் வித்தியாசம்கூட இல்லை.

நான் தடாகத்தின் ஓரத்தில் கால்களைத் தண்ணீரில் விட்டபடி இருந்தேன். மருமகள் ஆழம் குறைந்த பக்கத்தில் துள்ளித் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். துள்ளும்போது முகம் மேலே வரும். இறங்கும்போது நாடிவரை தண்ணீர் ஏறும். அண்ணா ஏதோ கேட்டார், திரும்பிப் பதில் சொன்னேன். மறுபடி பார்த்தபோதும் அவள் துள்ளிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் முதலில் நின்ற இடத்திலிருந்து ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த அளவு, தள்ளிப் போயிருந்தாள். தலை பின்னால் சரிந்து, வாய் திறந்து, முகம் வானத்தைப் பார்த்திருந்தது. முன்மயிர் இரண்டு கண்களையும் மூடி ஒட்டியிருந்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. அந்த மயிரைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. கண்ணில் மயிர் விழுந்தால் எந்தப் பிள்ளையும் கையால் ஒதுக்கும். ஒதுக்காத பிள்ளையின் கை அவள் சொல்வதைக் கேட்கும் நிலையில் இல்லை.

உடுப்போடு இறங்கித் தூக்கினேன். தண்ணீர் எனக்கு இடுப்புக்குச் சற்று மேலேதான் இருந்தது. இருமினாள், வாந்தி எடுத்தாள், அதன் பிறகுதான் அழுதாள். தடாகத்தைச் சுற்றி ஒன்பது பெரியவர்கள் இருந்தோம். ஒருவருடைய காதிலும் ஒரு சத்தமும் விழவில்லை.

அன்று முதல் என்னை விடாமல் அரித்த கேள்வி ஒன்று உண்டு. என் தங்கை வீட்டுக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறாள். பிள்ளை தவழத் தொடங்கிய மாதமே போட்டுவிட்டாள். கிணற்றடிக்குத் தனியே போனால் அடி விழும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அப்படிப்பட்டவள் அன்று தடாகத்திலிருந்து பத்து அடி தள்ளிக் கதிரை போட்டு, முதுகைக் காட்டியபடி மச்சாளோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் இன்னும் கிட்ட இருந்தேன், நானும்தான் திரும்பினேன். கிணற்றடியில் இருந்த அந்தப் பயம் தடாகத்தடியில் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி அடங்கிவிடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிக் கிடக்கும் நீரைக் கிணறு வெட்டி எடுத்துத்தான் குடித்தோம், குளித்தோம், புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்தோம். ஆகவே எங்களுக்குத் தண்ணீர் என்றால் அது கீழே இருப்பது, இருண்டிருப்பது, எட்டிப் பார்க்கக் கூடாதது. புத்தூருக்கு அருகே இருக்கும் நிலாவரையை அடியில்லாக் கிணறு என்று சொல்லித்தான் எங்களைக் கூட்டிப்போனார்கள். விளிம்பில் நிற்கும்போது அப்பாவின் பிடி இறுகியது இன்றும் என் மணிக்கட்டில் இருக்கிறது. அந்தப் பயம் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும்.

விடுதித் தடாகம் அந்தப் பயத்தை எழுப்புவதே இல்லை. நீல ஓடு, அடிவரை தெரியும் தெளிவு, பக்கத்தில் குடை, துவாய், பழரசம். பிள்ளைகளுக்கென்றே கட்டியது போலத் தோன்றும். காசு கொடுத்து உள்ளே வந்திருக்கிறோம், ஆகவே யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று மனம் தானாகவே தளர்ந்துவிடும். கிணற்றைப் பார்த்தால் கண் எச்சரிக்கும். தடாகத்தைப் பார்த்தால் அதே கண் ஏமாற்றும். ஏமாற்றும் என்பதைச் சொல்லலங்காரமாக எழுதவில்லை, பௌதிகவியலாகவே எழுதுகிறேன்.

பாடசாலையில் படித்த ஒளிமுறிவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒளியைத் தண்ணீர் எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.33. அதனால் நேர் மேலே நின்று பார்ப்பவருக்குத் தடாகத்தின் அடி உண்மையான ஆழத்தின் நான்கில் மூன்று பங்கில் இருப்பதாகத் தெரியும். 4 அடி ஆழம் 3 அடியாகத் தோன்றும். கதிரையில் இருந்தபடி சரிவாகப் பார்ப்பவருக்கு இன்னும் குறைவாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 6 வயதுப் பெண் பிள்ளையின் நடு உயரம் ஏறக்குறைய 115 சென்ரிமீற்றர். 3 அடி என்றால் 91 சென்ரிமீற்றர், தோளளவு. 4 அடி என்றால் 122 சென்ரிமீற்றர், உச்சந்தலைக்கும் மேலே. தாயின் கண்ணுக்குத் தோளளவாகத் தெரிகிற தண்ணீர் உண்மையில் பிள்ளையை முழுதாக மூடிவிடும்.

இனித் தரையைக் கவனியுங்கள். பெரும்பாலான தடாகங்களில் தரை சமதளமாக இருப்பதில்லை. ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து ஆழமான பக்கத்துக்குச் சரிந்து போகும். பக்கச் சுவரில் இரண்டு இடங்களில் ஆழத்தை எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் விபத்து நடக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் ஒருவரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பாதத்தில் இறங்குகிறது. 20 கிலோப் பிள்ளை அங்கே 2 கிலோப் பிள்ளையாக நிற்கிறாள். அந்த எடையை வைத்துக்கொண்டு வழுக்கும் ஓட்டில் காலூன்ற முடியாது. பக்கத்தில் ஒருவர் பாய்ந்தால் எழும் அலை போதும், பிள்ளை சரிவில் ஓரடி இறங்கிவிடுவாள். இறங்கியதும் நுனிக்காலில் துள்ளுவாள். ஒவ்வொரு துள்ளலும் அவளைச் சரிவின் போக்கிலேயே கொண்டுபோகும். பின்னோக்கிப் போக அவளுக்கு எதையாவது தள்ள வேண்டும். தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. என் மருமகள் ஒரு பாகம் தள்ளிப் போனது இப்படித்தான்.

ஏன் அவள் கத்தவில்லை? இதைப் பற்றி முதலில் விளக்கமாக எழுதியவர் பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர். நியூயோர்க் நகரின் ஓர்ச்சர்ட் கடற்கரையில் பணி செய்தவர். உண்மையாகவே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படமாக்கி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உற்றுப் பார்த்தார். கையசைத்து உதவி கேட்பது ஒன்றும் அந்தப் படங்களில் இல்லை. மூச்சு விடுவது உடம்பின் முதல் வேலை, பேசுவது அதற்கு மேல் வந்த வேலை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு கணத்தில் மூச்சை விட்டு இழுக்கவே நேரம் போதாது. கத்துவதற்கு மூச்சு மிச்சம் இராது. கைகள் இரண்டும் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும். கயிறு எறிந்தால் பிடிக்கவும் அந்தக் கைகளால் இயலாது. உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும், கால் உதைப்பு இராது. இந்த நிலை 20 முதல் 60 செக்கன்கள் நீடிக்கும், பிறகு மூழ்கிவிடுவார்கள் என்பது பியாவின் கணக்கு. சிறு பிள்ளைக்கு அந்தக் கணக்கின் கீழ் எல்லையை நினைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஆகவே சத்தம் கேட்டால் ஓடுவோம் என்று இருக்கும் குடும்பம் கேட்காத ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. கூச்சலிட்டுத் தண்ணீரை அடித்து விளையாடும் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது. அமைதியாகிப்போன பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். ‘என்ன பிள்ளை, சுகமா?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் நல்லது. வெறும் பார்வை மட்டும் வந்தால் அந்தக் கணமே இறங்குங்கள்.

காற்றடைத்த பொருட்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் மாட்டும் காற்றுப்பட்டி, வாத்து முகம் வைத்த வளையம், பூப்போட்ட மெத்தை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். பொதியிலேயே பெரும்பாலும் இது உயிர்காப்புச் சாதனம் இல்லை என்று அச்சிட்டிருப்பார்கள். பொதியைத்தான் நாங்கள் கடையிலேயே கிழித்து எறிந்துவிடுகிறோம். கையை உயர்த்தினால் பட்டி கழன்று வரும். வளையத்தில் இருக்கும் பிள்ளை முன்னால் சாய்ந்தால் வளையத்தோடு கவிழும். இடுப்பு மேலே மாட்டிக்கொள்ள, தலை கீழே போய்விடும். இதைவிட மோசமான ஒன்று உண்டு. பட்டி போட்ட பிள்ளை நெட்டுக்குத்தாக மிதந்து பழகுகிறது. மூழ்குபவரின் உடம்பு நிற்கும் அதே நிலை அது. தண்ணீருக்குள் குதித்தால் தானே மேலே வந்துவிடுவேன் என்று அதன் உடம்பு படித்துவிடும். சாப்பிடுவதற்காகப் பட்டியைக் கழற்றி வைத்த பிறகு, மறந்துபோய்த் திரும்ப ஓடிக் குதிக்கிறது. மிதவை வேண்டும் என்றால் பிள்ளையின் எடைக்கு ஏற்ற, கவட்டுக்குள்ளால் பட்டி போடும், தரச் சான்றுள்ள உயிர்காப்பு அங்கி போடுங்கள். தோளைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி நாடிக்கு மேலே ஏறினால் அது பெரிது. அங்கி போட்ட பிறகும் கையெட்டும் தூரம் மாறாது.

கையெட்டும் தூரம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது, ஒரு பெரியவர் தண்ணீருக்குள் இறங்கி, கையை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் சிறு பிள்ளைகளுக்கும் நீச்சல் சரியாக வராதவர்களுக்கும் இதையே சொல்கிறது. கரையில் கதிரை போட்டுப் பார்ப்பது காவல் இல்லை. ஓரத்தில் கால் நனைத்தபடி இருப்பதும் காவல் இல்லை. எழுந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் ஐந்து செக்கன் போய்விடும், நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பங்களில் இது ஏன் கடினம் என்றும் சொல்ல வேண்டும். முதலாவது, நாங்கள் கூட்டமாகப் போகிறோம். அம்மம்மா, சித்தப்பா, பெரியம்மா, மாமா, மச்சான் எல்லோரும் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைக்கிறோம். ஊர்கூடித் தேர் இழுக்கலாம், ஊர்கூடிப் பிள்ளை பார்க்க முடியாது. ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். நாங்கள் இப்போது ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருக்கிறோம். அதைப் போட்டிருப்பவர் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட வேண்டும், சாப்பிடக் கூடாது, கதைக்கு இழுத்தால் திரும்பக் கூடாது. 15 நிமிடம் முடிந்ததும், அடுத்தவர் தண்ணீருக்குள் இறங்கி வந்து ‘நான் பார்க்கிறேன்’ என்று வாயால் சொன்ன பிறகுதான் தொப்பி கை மாறும். கூட்டத்தில் மதுபானம் எடுத்தவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும், அன்று அவருக்குத் தொப்பி இல்லை. முதல் நாள் இதைச் சொல்லும்போது சங்கடமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் பழகிவிட்டது.

இரண்டாவது, கரையில் நிற்கும் பெற்றோருக்கே நீந்தத் தெரியாது. என் வயதுக்காரர்கள் பலரும் இப்படித்தான். எங்கள் அப்பாக்கள் கோயில் கேணியிலும் ஊர்க் குளத்திலும் கீரிமலையிலும் பழகியவர்கள். வாழைக்குற்றியை அணைத்துக்கொண்டு காலடித்தும், லொறி டியூபில் தொங்கியும், அண்ணன்மார் தள்ளிவிட்டுமே அவர்கள் நீந்தப் படித்தார்கள். அந்த முறையை நான் புகழவில்லை, அதில் போன உயிர்களும் உண்டு. 1990இல் கீரிமலை இருக்கும் வலிகாமம் வடக்கு போரால் இடம்பெயர்ந்த பிறகு அங்கே போய்வருவதே நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. கடலோரங்களும் அப்படித்தான். போர்க்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் பழக நாதி இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இன்று ஆறு வயதுப் பிள்ளைகளின் தாய் தகப்பன். நீந்தத் தெரியாதவர் தொப்பியைப் போடலாமா என்று கேட்டால், ஆழம் குறைந்த பக்கத்தில் தன் நெஞ்சளவு தண்ணீருக்குள் நின்று போடலாம், அதற்கு அப்பால் பிள்ளையை விடக் கூடாது என்பதுதான் பதில்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பிள்ளைகள். இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலையை முடிக்கும்போது ஒரு பிள்ளை குறைந்தது 25 மீற்றர் தூரம் நீந்தக் கூடியதாக இருக்க வேண்டும் என்று தேசியப் பாடத்திட்டமே சொல்கிறது. அண்ணாவின் மகன் ஐந்து வயதிலிருந்தே வகுப்புக்குப் போகிறான். அவன் ஆழமான பக்கத்தில் குதித்தான், மறு கரையில் ஏறினான், மறுபடி வந்து குதித்தான். ஒரே உயரம், ஒரே இரத்தம், ஒரே நிறத்தில் வாங்கிக் கொடுத்த உடுப்பு. ‘நீயும் வாவேன்’ என்றான். அவளும் இரண்டு அடி முன்னே போனாள், அவ்வளவுதான் நடந்தது. ஓகஸ்டிலும் மார்கழியிலும் யாழ்ப்பாணத்தில் எந்தத் தடாகத்திலும் இந்தக் காட்சியைக் காணலாம். பிள்ளைகளை இறக்குவதற்கு முன் யார் நீந்துவார், யார் நீந்தமாட்டார் என்பதை எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள். நீந்தும் பிள்ளையிடம் மச்சாளைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் இறக்கக் கூடிய சுமை அல்ல அது. மூழ்குகிறவள் அவன் கழுத்தைப் பிடித்தால் இருவருமே போய்விடுவார்கள்.

உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்று சொல்வார்கள். இருந்தால் நல்லது. அவருக்கு வேறு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். துவாய் கொடுப்பவரும், கதிரை அடுக்குபவரும், இலை அள்ளுபவரும் அவரே என்றால், அவர் முதுகு உங்கள் பிள்ளைக்குத் தெரியும் நேரமே கூட. தண்ணீர் கலங்கி அடியில் இருக்கும் வடிகால் மூடி தெரியாவிட்டால் அன்று இறங்க வேண்டாம். மூழ்கிய பிள்ளையும் தெரியாது.

அந்த வடிகால் மூடியைப் பற்றி எங்களூரில் பேசுவாரே இல்லை. தடாகத் தண்ணீரைப் பம்பி அந்த வழியாகவும் உறிஞ்சுகிறது. மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால் அந்த உறிஞ்சல் ஒரு பிள்ளையை விடாமல் பிடித்துவைக்கும். அமெரிக்காவில் முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002இல் ஒரு வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சிப் பிடித்துத்தான் இறந்தாள். அவள் நீந்தத் தெரிந்த பிள்ளை. அதன் பிறகு 2007இல் அவள் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது; பொதுத் தடாகங்களில் சிக்காத வகை மூடி கட்டாயமானது. மூடி சரியாக இல்லாத இடத்தில் நீண்ட தலைமயிர் உள்ளே போய் முடிச்சிட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இரட்டைப் பின்னலோடு பிள்ளையை இறக்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். மயிரை உச்சியில் கொண்டையாகச் சுற்றித் தொப்பிக்குள் விடுங்கள். ஓட்டைகளுக்குக் கிட்ட விளையாட விடாதீர்கள். பம்பியை நிறுத்தும் ஆளி எங்கே என்று விடுதிக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பின் நிறத்தையும் யோசிக்க வேண்டும். நீல ஓட்டுத் தடாகத்தில் நீலமும் வெள்ளையும் இரண்டடி ஆழத்திலேயே கரைந்துவிடும். கடும் செம்மஞ்சள், பளிச்சென்ற இளஞ்சிவப்பு கண்ணில் படும். என் மருமகளுக்கு அன்று வெளிர் நீலம். பெண் பிள்ளைகளைப் பருத்திச் சுடிதாரோடு இறக்கும் வழக்கமும் இருக்கிறது. நனைந்த துணி காலோடு ஒட்டி அசைவைப் பிடிக்கும். மறைவு வேண்டும் என்றால் முழங்கால்வரை வரும் நீச்சல் உடைகள் கடைகளில் இருக்கின்றன.

குளித்து முடித்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு வரும் நேரத்தைத்தான் நான் இப்போது அதிகம் அஞ்சுகிறேன். அமெரிக்க நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு, கலிபோர்னியா, அரிசோனா, புளோரிடா மாநிலங்களில் தடாகத்தில் விழுந்த சிறு பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தது. 100இல் 69 பிள்ளைகள், அந்த நேரத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்த்திராதவர்கள். 100இல் 77 பிள்ளைகள் பெரியவர்களின் கண்ணிலிருந்து மறைந்து 5 நிமிடமோ அதற்குக் குறைவாகவோதான் ஆகியிருந்தது. அறை எடுத்துத் தங்குகிறீர்கள் என்றால், போனதும் கதவின் கொண்டி பிள்ளைக்கு எட்டுமா என்று பாருங்கள். தடாகத்தைச் சுற்றி நான்கு பக்கமும் 4 அடி உயரத்துக்குக் குறையாத வேலியும், தானே மூடிப் பூட்டிக்கொள்ளும் படலையும் இருப்பது நல்ல இடம். விளையாட்டுச் சாமான் ஒன்றையும் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு வராதீர்கள். அதை எடுக்கத்தான் பிள்ளை திரும்பிப் போகும். பிள்ளையைக் காணவில்லை என்றால் கட்டிலுக்கு அடியிலும் வாகனத்திலும் தேடுவதற்கு முன் ஒருவர் தடாகத்துக்கு ஓட வேண்டும்.

நீச்சல் பழக்குங்கள் என்று நான் சொல்லாமலே எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1 முதல் 4 வயதுவரையான பிள்ளைகளில் முறையான பயிற்சி பெற்றவர்கள் மூழ்கும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்திருந்ததாகக் கண்டது. ஆனால் விடுமுறைக்கு முதல் மாதம் நாலு வகுப்புக்குப் போன பிள்ளையை நீந்தத் தெரிந்த பிள்ளை என்று எண்ணிவிடக் கூடாது. தன்னை மீறிய ஆழத்தில் குதித்து, மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, முழுதாகத் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டு, 25 மீற்றர் போய், ஏணி இல்லாமல் ஏறிவர வேண்டும். இவ்வளவும் வரும்வரை அந்தப் பிள்ளைக்கும் சிவப்புத் தொப்பி போட்டவர் ஒருவர் தேவை.

கடைசியாக, தவறு நடந்துவிட்டால். நீந்தத் தெரியாதவர் ஆழத்தில் குதிக்கக் கூடாது. ஒரு சாவு இரண்டாகும். ஓரத்தில் குப்புறப் படுத்து, இலை அள்ளும் நீண்ட தடியை நீட்டுங்கள். பிள்ளையால் பிடிக்க முடியாவிட்டால், வளையம் உள்ள முனையைக் கொளுவி இழுங்கள். வெளியே எடுத்ததும் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். எங்களூரில் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். இரண்டும் கெடுதல். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். அதைவிட, பொன்னான நேரம் போய்விடும். ஒட்சிசன் இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான்.

மூச்சு இல்லையென்றால் மல்லாத்திக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதச் சொல்கிறது ஐரோப்பிய உயிர்மீட்புச் சபையின் வழிகாட்டுதல். மூழ்கியவருக்குக் குறைந்திருப்பது காற்று. ஆகவே காற்றுத்தான் முதலில். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தல், இரண்டு ஊதல், மறுபடி 30. நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு தாழ வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். 2018 முதல் வடக்கிலும் அந்த அம்புலன்ஸ் ஓடுகிறது, கட்டணம் இல்லை. இதையெல்லாம் வாசித்துப் படிக்க முடியாது. ஒரு பிற்பகல் முதலுதவி வகுப்பில் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பார்த்தால்தான் கைக்கு அளவு தெரியும்.

பிள்ளை தானாகவே மூச்செடுத்து, இருமி, அழுதுவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே போன கொஞ்சத் தண்ணீரே நுரையீரலைக் கெடுத்து, சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். விடாத இருமல், வேகமான மூச்சு, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தல், அசாதாரணமான தூக்கக் கலக்கம் இவைதான் அறிகுறிகள். எத்தனை மணிக்கு நடந்தது, எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் இருந்தாள், வாந்தி எடுத்தாளா என்று வைத்தியர் கேட்பார். யாராவது ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து வைத்திருங்கள்.

நாங்கள் அன்று போகவில்லை. பிள்ளை சிரிக்கிறாள், ஐஸ்கிறீம் கேட்கிறாள், இனி என்ன என்று விட்டுவிட்டோம். இரவு பத்து மணிக்கு மேல் அவள் மறுபடி இருமத் தொடங்கினாள். தங்கை விளக்கை அணைக்காமல் பக்கத்தில் குந்தியிருந்து, பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து மூச்சை எண்ணினாள். நான் வாகனத்தை வாசலில் திருப்பி நிறுத்திவிட்டுத் திண்ணையில் இருந்தேன். இரண்டு மணிக்கு இருமல் நின்றது. ஐந்தரைக்குக் கோயில் மணி கேட்டபோது மருமகள் எழுந்து வந்து, மாமா ஏன் நித்திரை கொள்ளவில்லை என்று கேட்டாள்.